வீட்கொவ் குன்று, 1420 ஜூலை 14: பிராகா முற்றுகை உடைந்த ஒரு மணி நேரம் – நிகழ்வு ஆய்வு

1420ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலையில், பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) தலைநகரான பிராகாவுக்குக் கிழக்கே உள்ள வீட்கொவ் என்னும் குறுகிய குன்றின் மீது அரசர் சிகிஸ்முண்டின் தரப்புக் குதிரைப்படை ஏறியது. குன்றைக் காத்து நின்றவர்கள் போதகர் யான் ஹுஸைப் பின்பற்றியதால் திருச்சபையால் பதிதர் என்று அறிவிக்கப்பட்ட ஹுஸ் வழியினர். தாக்குதலின் முழு வேகமும் விழுந்த மரக்கொத்தளத்துக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்களும், இரண்டு பெண்களும், ஒரு சிறுமியும் மட்டுமே. இவர்களில் ஒருவருடைய பெயரும் பதிவாகவில்லை. ஆயினும் அன்றைய முடிவை அவர்களே தீர்மானித்தார்கள் என்பதும், அரசர் தோற்றது படைபலத்தால் அல்ல, முடிவெடுக்கும் முறையால் என்பதும் இந்த ஆய்வின் நிலைப்பாடு. போர்க்களக் காட்சிகளுக்கு நம்மிடம் உள்ள முதன்மைச் சான்று, அதே நகரில் வாழ்ந்த, ஹுஸ் தரப்பைச் சேர்ந்த வரலாற்றுக் குறிப்பாளர் ஒருவர் இலத்தீனில் எழுதிவைத்தது. அவர் மிதவாதி, குன்றைக் காத்த தாபோர் தீவிரவாதிகளை (தெற்குப் பொஹீமியாவின் தாபோர் ஊரைத் தளமாகக் கொண்ட, ஹுஸ் வழியினரின் கடும்போக்குப் பிரிவினரை) பல இடங்களில் கடுமையாகச் சாடியவர். அப்படிப்பட்டவர் அவர்களைப் பாராட்டும் இடங்களை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை. எதிரியின் எண்ணிக்கையை அவர் சொல்லும் இடங்களில் தயக்கம் உண்டு.

பின்னணி

பிராகாவின் போதகரும் பல்கலைக்கழக ஆசிரியருமான யான் ஹுஸ், திருச்சபையின் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் விசாரிக்கப்பட்டு 1415 ஜூலை 6 அன்று எரிக்கப்பட்டார். பாதுகாப்பு உறுதி எழுதிக்கொடுத்து அவரை அங்கே வரவழைத்தவர் உரோமானியரின் அரசரும் (அதாவது ஜெர்மானிய நாடுகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசர்) ஹங்கேரியின் மன்னருமான சிகிஸ்முண்ட். அந்த உறுதி காப்பாற்றப்படாததைப் பொஹீமியா மறக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பொஹீமியாவையும் மொராவியாவையும் சேர்ந்த 452 பிரபுக்கள் முத்திரையிட்டுக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். இதற்குள் நற்கருணையில் அப்பத்தோடு திராட்சை இரசத்தையும் பொதுமக்களுக்கு வழங்கும் வழக்கம் பிராகாவில் வேரூன்றியிருந்தது; குருக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த திருக்கிண்ணம் இயக்கத்தின் சின்னமாயிற்று.

1419 ஜூலை 30 அன்று, போதகர் யான் ஷெலிவ்ஸ்கி நடத்திச் சென்ற ஊர்வலம் பிராகாவின் ஒரு பகுதியான புதிய நகரத்தின் மன்ற மாளிகைக்குள் புகுந்து நகர மன்றத்தாரைச் சன்னல் வழியாக வெளியே எறிந்தது. இரண்டு வாரங்கள் கழிந்து ஆகஸ்ட் 16 அன்று அரசர் வென்சஸ்லாஸ் இறந்தார். வாரிசு, அவருடைய தம்பி சிகிஸ்முண்ட். ஹுஸின் சாவுக்குக் காரணமானவர் என்று பாதி நாடு கருதிய ஒருவரே அந்த நாட்டின் சட்டப்படியான அரசராக வரவேண்டிய நிலை.

இருந்தும் இணக்கத்துக்கான வாசல் அப்போது மூடியிருக்கவில்லை. 1419 டிசம்பரில் பர்னோ நகரில் கூடிய அவையில் பிராகாவின் தூதர்கள் சிகிஸ்முண்டின் முன் மண்டியிட்டுப் பணிந்தார்கள். அவர் கேட்டபடியே தெருக்களில் கட்டியிருந்த தடுப்புகளும் சங்கிலிகளும் அகற்றப்பட்டன. அந்தப் பணிவைப் பெற்றுக்கொண்டு நேரே பிராகாவுக்குள் நுழைந்து முடிசூடியிருந்தால், இயக்கத்தின் மிதவாதப் பகுதி அவரோடு நின்றிருக்க நிறையவே வாய்ப்பு இருந்தது. அவரோ சைலீசியாவின் பிரெஸ்லாவுக்குப் போனார். 1420 மார்ச் 15 அன்று, கிண்ணத்தைக் கைவிட மறுத்த பிராகா வணிகர் ஒருவர் அங்கே கொடூரமாகக் கொல்லப்பட்டார். மார்ச் 17 அன்று, திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் பிறப்பித்த சிலுவைப் போர் ஆணை அதே ஊரில் வாசிக்கப்பட்டது. இந்தச் செய்திகள் வந்தபின் பிராகாவில் மிதவாதிக்கும் தீவிரவாதிக்கும் இடையே இருந்த சண்டை ஒத்திவைக்கப்பட்டது.

மே மாதத்தில் மீண்டும் ஒரு தூதுக்குழு குட்னா ஹோராவில் அரசரைச் சந்தித்தது. நகரத்தார் தங்கள் ஆயுதங்கள் அனைத்தையும் மேலே கோட்டைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றார் அவர். திரும்பி வந்த தூதர்கள் அதைச் சொன்னதும் நகரம் தாபோருக்கு உதவி கேட்டு ஆளனுப்பியது.

நிலத்தில் காணப்பட்டவை

பிராகாவின் நடுவே வல்தாவா ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேற்குக் கரையில், உயரத்தில், ஹ்ராட்சனி கோட்டை. நகரின் தெற்கே பாறை மேல் விஷேஹ்ராட் கோட்டை. மே மாதத் தொடக்கத்தில் பிரபு ஒருவர் கட்சி மாறியதால் முதலாவது அரசர் கைக்குப் போயிற்று. இரண்டாவதிலும் அரசரின் காவற்படையே இருந்தது. எனவே மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நகருக்குத் தானியம் வரும் பாதைகள் அடைபட்டன. எஞ்சியது கிழக்கு. அந்தப் பாதையை மேலிருந்து பார்த்தபடி, கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதுதான் வீட்கொவ். மூன்றாவது மலையும் போனால் நகரம் பட்டினியில் விழும் என்பதை அறிய யாருக்கும் போர்க்கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிகிஸ்முண்டின் ஆலோசகர்களும் அதை அறிந்தே இருந்தார்கள். ஆனாலும் ஜூலை பாதிவரை அந்தக் குன்றை எடுக்க அவர்கள் முயலவில்லை.

குன்றின் வடக்குப் பக்கம் ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. தெற்குச் சரிவில் அப்போது திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. தோட்டக் காவலுக்கான சிறு கோபுரம் ஒன்றும் இருந்தது. குதிரைகள் வசதியாக ஏறக்கூடிய பக்கம் கிழக்கு மட்டுமே. அந்த வழியாக ஏறி வருகிறவர்கள் போகப்போகக் குறுகும் முகட்டில் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருக்கும். முன்வரிசையில் சண்டையிடுபவர்கள் சிலரே, பின்னால் நிற்பவர்கள் எத்தனை பேரானாலும் வெறும் பார்வையாளர்கள்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

மே 20 அன்று தாபோரிலிருந்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஒரு பெருங்கூட்டம், சாமான் வண்டிகளோடு பிராகாவுக்குள் வந்து சேர்ந்தது. அவர்களின் படைத்தலைவர்களில் ஒருவர் யான் ஷிஷ்கா. அறுபதை எட்டிய, ஒரு கண் மட்டுமே பார்வையுள்ள சிற்றுயர்குடியினர். இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் 25 அன்று, சுதொமேர் என்ற இடத்தில் வற்றிய மீன்குளத்தின் கரையில் ஏறத்தாழ நானூறு பேரையும் பன்னிரண்டு வண்டிகளையும் வைத்துக்கொண்டு தன்னைவிடப் பல மடங்கு பெரிய குதிரைப்படையை அவர் தடுத்து நிறுத்தியிருந்தார். குளத்தின் சேற்றில் குதிரைகளை ஓட்ட முடியாமல் வீரர்கள் இறங்கி நடக்க நேர்ந்தது. நடந்து வரும் கவச வீரனைக் குடியானவன் சமாளிப்பான் என்பதை அங்கே அவர் கண்டிருந்தார்.

வந்தவர்களுக்கும் நகரத்தாருக்கும் முதல் நாளிலிருந்தே உரசல். ஆடம்பரத்தைப் பாவமாகக் கருதிய தாபோர்க்காரர்கள், தெருவில் போகும் நகரச் செல்வர்களின் மீசையைப் பிடித்து வெட்டினார்கள். பெண்களின் முக்காட்டையும் விடவில்லை. பொது எதிரி வாசலில் நின்றிராவிட்டால் இந்தக் கூட்டணி ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

நகரத்துக்குள் மதிலின் பாதுகாப்பில் இருப்பதைவிட, மதிலுக்கு வெளியே கிடந்த வீட்கொவைப் பிடித்து அரண் செய்வது என்று ஷிஷ்கா முடிவெடுத்தார். இந்த முடிவுதான் முழு நிகழ்வின் அச்சு. அரண் என்று சொன்னாலும் அது பெரிதாக ஒன்றுமில்லை: மரத்தாலான இரண்டு கொத்தளங்கள், அவற்றைச் சுற்றி ஒரு சிறிய அகழி, மண்ணும் கல்லும் சேர்த்து எழுப்பிய ஒரு சுவர். ஆனால் அது அமைந்த இடம், முகடு குறுகி நெருக்கும் இடம். எண்ணிக்கையில் பெரிய படை தன் பெருமளவைப் பயன்படுத்த முடியாத ஒரே இடத்தில் சண்டையை நடத்த எதிரியை வரவழைப்பதே அதன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும்.

அரச தரப்பில் நிலைமை வேறு. ஜூன் இறுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து சிலுவைப் போராளிகள் வந்து ஆற்றின் இடது கரையில் பாளையம் இறங்கினார்கள். குறிப்பாளர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் என்கிறார். அதில் ஒரு பங்கே உண்மையாக இருந்தாலும் நகரத்தை மூழ்கடிக்கப் போதுமான கூட்டம் அது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஜெர்மானிய இளவரசர்கள் பதிதரின் நகரத்தை அடித்து நொறுக்க வந்தவர்கள். அரசரோடு நின்ற பொஹீமியக் கத்தோலிக்கப் பிரபுக்களுக்கோ அது தங்கள் சொந்தத் தலைநகரம். அது பாழாவதை அவர்கள் விரும்பவில்லை. பாழான நகரத்துக்கு அரசராக சிகிஸ்முண்டும் விரும்பவில்லை. இதனால் நாட்கள் கழிந்தன. கோட்டைக்கும் நகருக்கும் இடையே வசை பரிமாற்றமும் சிறு மோதல்களும் மட்டுமே நடந்தன. அகப்பட்ட செக் மக்களை, அவர்கள் எந்தத் தரப்பு என்று கேளாமலே எரித்துக் கொன்ற செய்திகள் நகருக்குள் வந்து சேர்ந்தன. சரணடைந்து பிழைக்கலாம் என்று எண்ணியவர்களும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

கடைசியில் ஒரு திட்டம் உருவானது. ஒரே நேரத்தில் மூன்று தாக்குதல்கள்: ஹ்ராட்சனியிலிருந்து ஒரு படை ஆற்றுப் பாலத்தின் முனையைத் தாக்கும், விஷேஹ்ராட் காவற்படை புதிய நகரத்தைத் தாக்கும், மூன்றாவது படை வீட்கொவை எடுக்கும். மூன்று முனைகளில் நகரத்தாரைப் பிரித்து நிறுத்தினால் குன்றுக்கு உதவி போகாது என்ற கணக்கில் தவறே இல்லை. காகிதத்தில் இதைவிடச் சிறந்த திட்டத்தை நானும் சொல்ல முடியாது.

மோதல்

மைசென், துரிங்கியா ஆகிய ஜெர்மானியப் பகுதிகளின் குதிரைப்படை ஆற்றைக் கடந்து கிழக்குச் சரிவில் ஏறியது. ஏழு எட்டாயிரம் பேர் என்கிறது குறிப்பு. எக்காளம் ஊதிக்கொண்டு வேகமாக வந்தவர்கள் முதல் வேகத்திலேயே அகழியைத் தாண்டினார்கள். திராட்சைத் தோட்டக் கோபுரத்தையும் பிடித்தார்கள். அடுத்தது மண்ணும் கல்லுமான அந்தச் சுவர்.

சுவருக்குப் பின்னால் இருந்தவர்களிடம் அப்போது அம்பும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. கற்களையும் ஈட்டிகளையும் வைத்தே அவர்கள் சுவரில் ஏற முயன்றவர்களைத் தள்ளிவிட்டார்கள். ஒரு கட்டத்தில் பின்வாங்கிவிடலாம் என்ற எண்ணம் உள்ளே எழுந்திருக்க வேண்டும். ஏனெனில் இரண்டு பெண்களில் ஒருத்தி அதற்கு மறுத்ததைக் குறிப்பாளர் தனியாக எடுத்துச் சொல்கிறார். கவசம் ஏதும் அணியாத அவள், மெய்யான கிறித்தவர் எதிர்க்கிறிஸ்துவுக்கு முன்னால் பின்வாங்குவது தகாது என்று சொல்லி, நின்ற இடத்திலேயே போரிட்டுக் கொல்லப்பட்டாள். மனவுறுதியில் அவள் ஆண்களை மிஞ்சினாள் என்று அவர் எழுதுகிறார்.

பிற்காலத்தார் இந்தப் பெண்ணை வீரத்தின் உருவமாகவே பேசி வந்திருக்கிறார்கள். ஆய்வுக்கு முக்கியமானது அவள் நின்றதால் கிடைத்த நேரம். குறுகிய முகட்டில் முன்வரிசை நின்றுவிட்டது; முன்வரிசை நின்றதும் பின்னால் சரிவு முழுக்க நிறைந்திருந்த குதிரைகள் நகர வழியின்றி நின்றன. வேகம்தான் கவசக் குதிரைப்படையின் ஆயுதம். அது போனபின் மேலே இருந்தது, திரும்பவும் இடமில்லாமல் செங்குத்தான இறக்கத்தை ஒட்டி நிற்கும் ஒரு கூட்டம்.

இதற்கிடையில் ஷிஷ்கா சிறு குழுவோடு உதவிக்கு ஏறினார். அவரே எதிரியின் பிடியில் அகப்பட்டு, அவருடைய ஆட்கள் கதிரடிக்கும் கோல்களால் அடித்து அவரை மீட்க வேண்டியிருந்தது. இந்தக் கோல் குடியானவரின் களத்துக் கருவி. கைப்பிடியான நீண்ட தடியின் நுனியில் அசையும்படி கோத்த குட்டைக் கட்டை. போருக்காக அந்தக் கட்டையில் இரும்புப் பட்டையும் ஆணியும் அடித்திருந்தார்கள். ஆண்டு முழுவதும் களத்தில் இதைச் சுழற்றிப் பழகிய கைக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

நகரத்துக்குள் பெரும் கலக்கம். குன்று போய்விட்டது என்றே பலரும் நினைத்து, குழந்தைகளோடு அழுதபடி வேண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் குரு ஒருவர் நற்கருணையைக் கையில் ஏந்தி வாயிலுக்கு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் ஏறத்தாழ ஐம்பது வில்லாளரும், கதிரடிக்கும் கோல்களை ஏந்திய குடியானவர்களும் வந்தார்கள். மணி ஒலிக்க, மக்கள் கூச்சலிட, அவர்கள் சரிவில் ஏறினார்கள். மேலே நெருக்கி நின்ற குதிரைப்படை, பெரும் படை ஒன்று பக்கவாட்டில் வருவதாக எண்ணித் திரும்பியது. திரும்ப இடமிருந்த பக்கமெல்லாம் செங்குத்து. பலர் பாறைச் சரிவில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்கிறது குறிப்பு. படுகாயம் அடைந்தவர்களும் பிடிபட்டவர்களும் வேறு.

மற்ற இரண்டு முனைகளில் திட்டமிட்ட பெருந்தாக்குதல் எழவே இல்லை. சிகிஸ்முண்ட் ஆற்றங்கரையிலிருந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் பாளையத்துக்குத் திரும்பினார்.

பின்விளைவுகள்

வென்றவர்கள் குன்றின் அடிவாரத்து வயலில் மண்டியிட்டு நன்றிப் பாடல் பாடினார்கள். ஷிஷ்கா கொண்டாட்டத்தோடு நிற்கவில்லை. அகழிகளை ஆழப்படுத்தி, சுவர்களைப் பெருக்கி, மேலும் கொத்தளங்களை எழுப்பச் செய்தார். தோற்றவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பழிதீர்த்தார்கள். நகரத்தார் பிடித்து வைத்திருந்த கைதிகள் சிலரை மதிலுக்கு வெளியே, எதிரியின் கண் முன்னால் எரித்தார்கள். இரண்டும் ஒரே கொடுமைதான். ஒரு தரப்பின் குறிப்பை மட்டும் படிப்பவர்கள் இதைத் தவறவிடக்கூடாது.

ஜூலை 19 அன்று பாளையத்தில் தீப்பிடித்து, கூடாரங்களும் மதிலேறுவதற்காகச் செய்துவைத்திருந்த ஏணிகளும் எரிந்தன. ஜூலை 28 அன்று சிகிஸ்முண்ட் ஹ்ராட்சனியில் உள்ள புனித வீட்டுஸ் பேராலயத்தில் முடிசூடினார். கீழே தெரியும் நகரத்துக்குள் காலடி வைக்க முடியாத அரசரின் முடிசூட்டு. கூலிப்படைக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் அதே பேராலயத்தின் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து உருக்கினார்கள். திருச்சபையின் உடைமையைக் காக்க வந்த போர் அது. சில நாட்களில் சிலுவைப் படை கலைந்து ஊர் திரும்பியது. பொஹீமியப் பிரபுக்கள் அரசரைத் தடுத்துக் கெடுத்தார்கள் என்று ஜெர்மானியர் குற்றம் சாட்டினார்கள்.

அதே ஜூலையில் ஹுஸ் தரப்பு தன் கோரிக்கைகளை நான்கு விதிகளாகத் தொகுத்து வெளியிட்டது: தடையற்ற மறையுரை, அனைவருக்கும் கிண்ணம், குருக்களுக்கு உலகச் சொத்தும் ஆட்சியும் இல்லாமை, பெரும்பாவங்களுக்கு எந்த நிலையினராயினும் தண்டனை. சண்டையிட்டுக்கொண்டிருந்த பிரிவுகள் அனைத்தும் ஒப்பிய ஒரே அடிப்படை அது.

இலையுதிர் காலத்தில் நகரத்தார் விஷேஹ்ராடை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் குதிரை இறைச்சி தின்னும் நிலைக்கு வந்தபின், நவம்பர் 1 அன்று சிகிஸ்முண்ட் மீட்க வந்தார். எதிரி அகழி வெட்டித் தயாராக இருக்கிறான், நேராகத் தாக்கினால் இழப்பு பெரிதாகும் என்று மொராவியப் பிரபு ஒருவர் எச்சரித்தும் அரசர் கேளாமல் தாக்க ஆணையிட்டார். எச்சரித்தவர் உட்பட மொராவிய, பொஹீமியப் பிரபுக்கள் பலர் அந்தச் சேற்றுப் பள்ளத்தில் கோல்களுக்கு இரையானார்கள். விஷேஹ்ராட் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் சாஸ்லாவில் கூடிய நாட்டவை சிகிஸ்முண்டை அரசராக ஏற்க மறுத்தது.

மாற்றியிருக்க வேண்டியவை

தாக்கியவர் பக்கம் முதலாவது, காலம். ஹ்ராட்சனி மே மாதத்திலேயே அரசர் வசம் இருந்தது. வீட்கொவ் அப்போது வெறுங்குன்று. அரண் எழும்பிய பிறகு ஆயிரக்கணக்கானோரை அனுப்பியும் எடுக்க முடியாததை, அதற்கு முன்னால் சில நூறு பேரை வைத்தே எடுத்திருக்கலாம். இரண்டாவது, படையின் வகை. சுவரும் அகழியும் உள்ள குறுகிய முகட்டுக்குக் குதிரைப்படையை அனுப்பியது தவறு. அம்பும் வெடிமருந்தும் இல்லாத காவலர்களைத் தொலைவிலிருந்தே வில்லாளரால் ஒடுக்கி, பிறகு காலாட்படையை ஏற்றியிருக்கலாம். மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது: மூன்று தாக்குதல்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற திட்டத்தின் உயிர்நாடியே கைவிடப்பட்டது. குன்றின் மேல் வெற்றி தெரிந்த பிறகு மற்றவற்றைத் தொடங்கலாம் என்று காத்திருந்ததால், நகரத்தின் உதவிப்படை தடையின்றி வாயிலைத் திறந்து வந்தது.

முந்நூறு பேரின் இழப்பு அந்தப் பெரும்படைக்கு ஒரு பொருட்டே அல்ல. மறுநாளே வேறு முறையில் மீண்டும் முயன்றிருக்கலாம். முயலாததற்குக் காரணம் குன்றில் இல்லை. இரண்டு நோக்கங்களோடு பிளவுபட்ட பாளையத்தில் இருந்தது.

காத்தவர் பக்கமும் குறை உண்டு. உயிர்நிலையான ஓர் அரணில் முப்பதுக்கும் குறைவானவர்களை, அம்பும் வெடிமருந்தும் இன்றி விட்டுவைத்தது பெரும் அசட்டை. உதவிப்படை எப்போது, எந்த வாயிலிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற முன்னேற்பாடு இருந்ததற்கான அறிகுறியும் இல்லை. படைத்தலைவரே முதல் ஆளாக ஓடிப்போய் ஏறக்குறைய உயிரை இழந்தார். போருக்குப் பிறகு அரணைப் பெருக்கியதில் ஷிஷ்கா இந்தக் குறையை உணர்ந்தது தெரிகிறது. 1421இல் ராபி கோட்டை முற்றுகையில் மற்றக் கண்ணையும் இழந்து, முற்றிலும் பார்வையற்ற நிலையிலும் அவர் 1424இல் கொள்ளைநோயால் இறக்கும்வரை படை நடத்தினார்.

சிகிஸ்முண்டைப் பொஹீமியா அரசராக ஏற்றது 1436இல்தான். பதினாறு ஆண்டுகளும் பல சிலுவைப் போர்களும் கழிந்து, பொதுமக்களுக்குக் கிண்ணம் வழங்குவதை ஒப்புக்கொண்ட உடன்படிக்கைக்குப் பின்னரே அவர் பிராகாவுக்குள் அரசராக நுழைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். பர்னோவில் மண்டியிட்ட தூதர்கள் 1419இல் இதைவிட அதிகமாக எதையும் கேட்டிருக்கவில்லை.